எம்பிமார் எதுக்குக் கை தூக்கினாங்க எண்டும் பேப்பரில போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாமசியில வேலை செய்ற ஆள். உங்கட பேப்பர் கடைக்கு வாறது, சனம் வர முதல் நான் வாசிச்சிப்போட்டுத்தான் மற்ற வேலை. இந்தக் கடிதம் ஒரு கோரிக்கைக்காக எழுதுறது, அதை முதல்லயே சொல்லிப்போட்டு மறுகா காரணத்துக்கு வாறன். மட்டக்களப்பு மாவட்டத்தில இருந்து அஞ்சு பேரும் திகாமடுல்ல எண்ட அம்பாறை மாவட்டத்தில இருந்து ஏழு பேரும் பாராளுமன்றம் போறாங்க. சுகாதாரத்தோட சம்பந்தப்பட்ட வாக்கெடுப்பு ஒண்டு நடந்தா இந்தப் பன்னிரண்டு பேரும் ஆதரவா, எதிரா, இல்லாட்டி அந்த நேரம் சபையிலயே இல்லையா எண்டு பேரோட போடுங்க. தேசியப் பட்டியலில எங்கட பக்கத்தால போறவங்க இருந்தா அவங்களையும் சேருங்க. ஒரு தடவை போட்டுட்டு விடாம ஒவ்வொரு தடவையும் போடுங்க.

ஏன் கேட்கிறன் எண்டா, இப்ப எல்லாப் பேப்பரிலயும் எங்கட எம்பிமாரையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்து வாற செய்தி ஒரே மாதிரித்தான் இருக்குது. புது வார்ட் திறப்பு, நாடா வெட்டு, கட்டில் மெத்தை கையளிப்பு, எம்பிக்கு ஒதுக்கிற பன்முகப்படுத்தப்பட்ட நிதியில ஓபிடிக்கு கதிரையும் ஃபேனும் குடுத்தாங்க, பொன்னாடை போத்தினாங்க. படத்தில டொக்டரும் நிப்பார், அபிவிருத்திக் குழு ஆக்களும் நிப்பாங்க, நடுவில எம்பி நிப்பார். குடுக்கிறதைக் குறை சொல்லல்ல, கதிரை இல்லாம கிழவங்க தரையில குந்திக்கொண்டு இருந்ததை நானும் பார்த்தவன்தான். ஆனா ஒரு எம்பிட கையால எங்கட உடம்புக்கு நடக்கிற பெரிய நல்லதும் பெரிய கெட்டதும் அந்த நாடா வெட்டுற இடத்தில நடக்கிறதில்ல. கோட்டேயில சபைக்குள்ள அவர் கை தூக்கிற நேரத்திலயோ, தூக்காம கண்டீனுக்கு எழும்பிப் போற நேரத்திலயோதான் நடக்குது. அது எங்களுக்குத் தெரியிறதே இல்ல.

எனக்கு இது கடையில நிண்டு நிண்டு விளங்கினது. ஆஸ்பத்திரியில மருந்து இல்லாட்டி துண்டு எழுதிக் குடுப்பாங்க, வெளியில வாங்கச் சொல்லி. அந்தத் துண்டோட சனம் நேரா எங்களிட்டத்தான் வாறது. வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில இருந்து வாற ஒரு அம்மா, வயசு எழுபதுக்கு மேல இருக்கும், சுகரும் பிரஷரும் கொலஸ்ட்ரோலும். ஒரு நாள் துண்டில மூணு மருந்து வெளியில வாங்க எழுதி இருந்தது, ஒரு மாசத்துக்கு. நான் கணக்குப் பார்த்துச் சொன்னன். அவ சீலைத் தலைப்பில முடிஞ்சி வச்சிருந்த காசை எடுத்து எண்ணிப் பார்த்தா, மறுகா என்னைப் பார்த்துக் கேட்டா, "மகன், இந்த மூணிலயும் எது முக்கியம், அதை மட்டும் தாங்க". நான் டொக்டர் இல்ல, எனக்கு அதுக்குப் பதில் சொல்ல உரிமையும் இல்ல. மூணும் முக்கியம் அம்மா எண்டன். "அப்ப மூணிலயும் அஞ்சு அஞ்சு தாங்க" எண்டா. அஞ்சு நாளைக்கு வாங்கிக்கொண்டு போனா, மற்ற இருபத்தஞ்சு நாளைக்கு என்ன செய்வா எண்டு அவவுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. இப்படி அஞ்சு குளிசை, மூணு குளிசை, அரைக் கார்ட் எண்டு வாங்கிற சனம் எங்கட கடைக்கு வராத நாள் இல்ல.

அந்த அம்மாட துண்டில ஏன் அந்த மருந்து வெளியில வாங்கச் சொல்லி வந்தது எண்டு கேட்டுக் கேட்டுப் போனா கடைசியில போய் முட்டுற இடம் பாராளுமன்றம்தான். கவுண்டரில நிக்கிற ஆளோட, நேர்சோட சனம் சண்டை பிடிக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்ல, அவங்களிட்ட மருந்து இருந்தா ஏன் தராம விடுறாங்க. அரசாங்க ஆஸ்பத்திரிக்குரிய மருந்தை மொத்தமா எடுத்துப் பிரிச்சுக் குடுக்கிறது கொழும்பில இருக்கிற மருத்துவ விநியோகப் பிரிவு. அங்க இருந்துதான் எங்கட பிராந்தியத்துக்கு வரணும், அதுக்குப் பிறகுதான் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு. அந்தக் கொள்வனவுக்குக் காசு பட்ஜெட்டில இருந்து வருது. 2025 பட்ஜெட்டில சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபா ஒதுக்கினதில மருந்துக்கு மட்டும் 185 பில்லியன் எண்டு சபையில வாசிச்சாங்க. அந்த பட்ஜெட் ரெண்டாம் வாசிப்பு பிப்ரவரி 25இல 155க்கு 46, மூணாம் வாசிப்பு மார்ச் 21இல 159க்கு 45. இந்த நம்பரெல்லாம் எல்லாப் பேப்பரிலயும் வந்தது. ஆனா அந்த 159க்குள்ள ஆர், 45க்குள்ள ஆர், சபாநாயகரை விட்டா ரெண்டிலயும் இல்லாத மற்ற இருபது பேர் ஆர், அதில எங்கட பக்கத்து ஆக்கள் எத்தினை பேர் எண்டு எங்கட கடைக்கு வாற ஒருத்தராவது சொல்வாங்களா எண்டு கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் தெரியாது.

இதில இன்னொரு விஷயம் இருக்குது, அது சனத்துக்குச் சரியாத் தெரியாது, அதால கொஞ்சம் விரிவாச் சொல்றன். ரெண்டாம் வாசிப்புக்கும் மூணாம் வாசிப்புக்கும் நடுவில குழுநிலை எண்டு ஒண்டு வருது. அமைச்சு அமைச்சா எடுத்து, ஒவ்வொண்டுக்கும் ஒரு செலவுத் தலைப்பு நம்பர், சுகாதார அமைச்சுக்கு 111. அந்த நாளில எதிர்க்கட்சி எழும்பி இந்தத் தலைப்பில 10 ரூபாவைக் குறைக்கணும் எண்டு ஒரு வெட்டுப் பிரேரணை வைக்கும். 10 ரூபா குறைச்சு ஒண்டும் ஆகப்போறதில்ல, விவாதத்தைத் திறக்கிறதுக்கு அதுதான் அங்கத்தைய முறை. அண்டைக்கு நாள் முழுக்க சுகாதாரம்தான் கதைக்கலாம். எந்த ஆஸ்பத்திரியில எந்த டொக்டர் இல்ல, எந்த மெஷின் உடைஞ்சு கிடக்கு, எந்த மருந்து வரல்ல எண்டு பேர் சொல்லிக் கேட்டா அமைச்சர் அங்கேயே பதில் சொல்லணும், அது சபையில பேசினதெல்லாம் பதியிற ஹன்சார்டில ஏறும். வருஷத்தில எங்கட சனத்துக்கு இதை விடப் பெறுமதியான நாள் வேற இல்ல எண்டு நான் நினைக்கிறன். அண்டைக்கு எங்கட எம்பிமார் ஆர் இருந்தாங்க, ஆர் எழும்பினாங்க, எழும்பினவங்க மட்டக்களப்பு ஆஸ்பத்திரிய மட்டும் சொல்லிப்போட்டு இருந்தாங்களா, இல்ல வெல்லாவெளி, மண்டூர், கரடியனாறு, வாகரை, திருக்கோவில், பொத்துவில் எண்டு சின்ன இடங்களையும் எடுத்தாங்களா, இதை நீங்க போட்டா உங்கட பேப்பரை நான் வெட்டி கடைச் சுவரில ஒட்டுவன்.

ஆனா குழுநிலையில கனக்க விஷயம் வாயால "ஆம்", "இல்லை" எண்டு கேட்டு முடிஞ்சிடும். ஆராவது எழும்பி பேர் கூப்பிட்டு வாக்கெடுக்கச் சொல்லிக் கேட்டாத்தான் ஆர் எந்தப் பக்கம் எண்டு பதிவாகும். கேட்காட்டி சபை ஏற்றுக்கொண்டது எண்டு ஒரு வரிதான். அதால வாக்கெடுப்பு வேணும் எண்டு எங்கட ஆக்கள் கேட்டாங்களா எண்டதும் ஒரு கேள்வி. ஹன்சார்டை ஆரும் பாராளுமன்ற வெப்சைட்டில பார்க்கலாம் எண்டு சொல்வாங்க. பார்க்கலாம்தான், ஆனா அதில ஆர் எந்தப் பாஷையில பேசினாங்களோ அந்தப் பாஷையிலதான் இருக்கும், அமைச்சர் சிங்களத்தில சொன்ன பதில் சிங்களத்திலதான் கிடக்கும். படுவான்கரையில வயல் செய்ற மனிசன் அதை எங்க போய் வாசிக்கிறது. நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும், தமிழ்ப் பேப்பர் எங்களுக்கு வேற எதுக்கு.

இனி மாகாண சபைக் கதைக்கு வாறன், என்னைக் கேட்டா எங்கட சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு நடந்த பெரிய அநியாயம் இதுதான். அரசியலமைப்பு 13ஆம் திருத்தப்படி போதனா வைத்தியசாலையும் விசேஷ ஆஸ்பத்திரிகளும் தவிர்த்து மற்ற பொது ஆஸ்பத்திரி, கிராமிய ஆஸ்பத்திரி, பிரசவ விடுதி, டிஸ்பென்சரி எல்லாம் மாகாண சபைக்குரிய விஷயம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சுக்குக் கீழ, எங்கட ஊர்ப்பக்கத்து சின்ன ஆஸ்பத்திரிகள் மாகாணத்துக்குக் கீழ. கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டம்பரோட முடிஞ்சது. அது முடியிற நேரம் பார்த்து, அதே செப்டம்பர் 20இல, பாராளுமன்றத்தில ஒரு சட்டமூலம் நிறைவேறினது. அது பெண் வேட்பாளருக்கு இடம் ஒதுக்கிற சட்டமூலமாத்தான் வந்தது, குழுநிலையில தேர்தல் முறையையே மாத்திற திருத்தத்தை உள்ள செருகி மூணில ரெண்டு பெரும்பான்மையோட போட்டாங்க. புது முறைக்குத் தொகுதி எல்லை பிரிக்கணும், எல்லை அறிக்கைய சபை ஏற்கணும். 2018 ஆகஸ்ட் 24இல அந்த அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தப்போ எதிரா 139, ஆதரவா ஒருத்தரும் இல்ல. அதைக் கொண்டுவந்த அமைச்சரே எதிராப் போட்டார். பழைய முறைக்கும் திரும்பல்ல, புது முறையும் வரல்ல, இண்டைக்கு வரைக்கும் தேர்தல் இல்ல.

இதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்கிற ஆளுக்குச் சொல்றன். மாகாண சபை இருந்த காலத்தில எங்களுக்கு எண்டு ஒரு மாகாண சுகாதார அமைச்சர் இருந்தார், சபையில உறுப்பினர்மார் இருந்தாங்க, டொக்டர் ரெண்டு கிழமையா வரல்ல எண்டா அவங்கட வீட்டு வாசல்ல போய் நிக்கலாம், வோட் கேட்டு வந்த ஆள்தானே, ஓடி ஒளிய ஏலாது. இப்ப அந்த அதிகாரம் முழுக்க ஆளுநரிட்ட. ஆளுநரை ஜனாதிபதி போடுறது, ஜனாதிபதி மாறினா ஆளுநரும் மாறுவார், நாங்க வோட் போட்டு அனுப்பின ஆளில்ல, அவர் நல்லவரா இருக்கலாம் ஆனா எங்களுக்குப் பதில் சொல்லணும் எண்டு ஒரு கட்டாயமும் அவருக்கு இல்ல. எம்பியிட்ட போனா "அது மாகாணத்துக்குரியது" எண்டுவார், மாகாணத்துக்குப் போனா "கொழும்பு காசு விடல்ல" எண்டுவாங்க. அம்பாறை மாவட்டத்தில இன்னும் சிக்கல், அங்க பிராந்திய சுகாதாரப் பணிமனையே ரெண்டு, அம்பாறையில ஒண்டு கல்முனையில ஒண்டு, எந்த ஆஸ்பத்திரி எதுக்குக் கீழ எண்டே சனத்துக்குத் தெரியாது. 2017இலயும் 2018இலயும் கை தூக்கினவங்க தேர்தல் முறைக்குத்தான் கை தூக்கினம் எண்டு நினைச்சிருப்பாங்க. அதால எங்கட கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பொறுப்பான ஒரு வாசல் இல்லாமப் போயிட்டுது. அந்த ரெண்டு நாளும் எங்கட மாவட்ட எம்பிமார் ஆர் ஆர் எப்படிப் போட்டாங்க எண்டு ஹன்சார்டில கிடக்கு, அதை இப்ப போட்டாலும் பிந்தல்ல.

மண்டூர்ப் பக்கத்தில ஒரு வருத்தக்காரர எடுத்துக்கொண்டு வாறதை நினைச்சுப் பாருங்க. குருமண்வெளியில பாதை எண்டு நாங்க சொல்ற மிதவையில ஆறு கடந்தா கிட்ட, ஆனா பாதை ஓடுற நேரத்துக்கு நெஞ்சுவலி வராது. பாதை நிண்டா வெல்லாவெளி, பழுகாமம் எண்டு சுத்தி பட்டிருப்புப் பாலத்தால வரணும், ராவையில யானை றோட்டில நிக்கும். இதுக்குள்ள 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் எத்தினை உசிரைக் காப்பாத்திக் குடுத்திருக்கு எண்டு அந்தப் பக்கத்து ஆக்களைக் கேளுங்க. அது இந்தியாட உதவியோட 2016இல மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் தொடங்கினது, அப்ப அதுக்கு எத்தினை எதிர்ப்பு, உளவு பார்க்க வாறாங்க எண்டு கூடச் சொன்னாங்க. 2018இல அதுக்கெண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேத்தித்தான் அது ஒரு நிலையான நிறுவனமா நிண்டது, பிறகு கிழக்குக்கும் வந்தது. நல்ல வாக்கெண்டா இதுதான். இதையும் சொல்லணும், எம்பிமாரைத் திட்டுறதுக்கு மட்டும் நான் இந்தக் கடிதம் எழுதல்ல.

நல்லது இன்னும் இருக்கு. சிகரெட் பெட்டியில 80 வீதம் படம் போடணும் எண்ட சட்டம் 2015இல வந்தது, அந்தப் படத்தைப் பார்த்து முகத்தைச் சுழிச்சிக்கொண்டு வாங்கிறவனும் இருக்கான், விட்டவனும் இருக்கான். அதே 2015இலதான் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் வந்தது, பேராசிரியர் சேனக பிபிலே எழுபதுகளில தொடங்கி வச்ச மருந்துக் கொள்கைய ஒரு சட்டமாக்க இத்தினை வருஷம் போனது. அந்தச் சட்டத்தை வச்சித்தான் 2016 அக்டோபரில 48 மருந்துக்கு உச்ச விலை போட்டாங்க. நாங்க பாமசிக்காரர், எங்களுக்கு அது நல்லாத் தெரியும், கொலஸ்ட்ரோலுக்கும் பிரஷருக்கும் சுகருக்கும் எடுக்கிற மருந்து கனக்க விலை இறங்கினது. அது வரைக்கும் அரை மாசத்துக்கு வாங்கினவங்க முழு மாசத்துக்கு வாங்கினாங்க. சட்டம் ஒண்டு எங்கட கடை மேசைக்கு வந்து நிக்கிறதை அப்பதான் நான் நேரா பார்த்தன். மறுகா 2022இல டொலர் ஏறினதும் மார்ச்சில 29 வீதம், ஏப்ரல் கடைசியில 60 மருந்துக்கு 40 வீதம் எண்டு கெசட்டில ஏத்தினாங்க. நாடு வங்குரோத்து ஆகின நேரம், ஏத்தாட்டி மருந்தே வந்திராது எண்டும் சொன்னாங்க, அதில உண்மையும் இருந்தது. ஆனா அந்த வங்குரோத்து வானத்தில இருந்து விழல்ல, வரியும் கடனும் வருஷா வருஷம் அதே சபையில கை தூக்கிக் கை தூக்கிப் போட்டதுதான்.

அதே மருந்து விஷயத்தில ஒரு கெட்ட வாக்கையும் சொல்லத்தான் வேணும். 2023இல மருந்துத் தட்டுப்பாடும் தரமில்லாத மருந்தும் எண்டு நாடு முழுக்கக் கதை, அப்போதைய சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவுக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. செப்டம்பர் 8இல வாக்கெடுப்பு, ஆதரவா 73, எதிரா 113, பிரேரணை தோத்தது. அடுத்த மாசமே அவரை அந்த அமைச்சில இருந்து மாத்திப்போட்டாங்க, 2024 பிப்ரவரி 2இல தரமில்லாத இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கின விஷயத்தில சிஐடி அவரைக் கைது செய்தது. வழக்கு கோர்ட்டில, அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரல்ல. நான் கேட்கிறது அந்த 113 பேரைப் பற்றி. மருந்தில பிழை எண்டு டொக்டர்மாரே கத்திக்கொண்டிருந்த நேரத்தில அமைச்சரில நம்பிக்கை இருக்கு எண்டு போட்டவங்க எந்தக் காரணத்துக்குப் போட்டாங்க, அவங்கட தொகுதிச் சனத்துக்கு அதை எங்கயாவது விளங்கப்படுத்தினாங்களா. அண்டைக்கு வராம விட்டவங்களும் இருக்காங்க, வராம விட்டதும் எனக்கு ஒரு வாக்கு மாதிரித்தான்.

டொக்டர்மாற்ற ரிட்டயர்மென்ட் கதையும் அப்படித்தான். 2022 இடைக்கால பட்ஜெட்டில அரச ஊழியருக்கு 60 வயசில ஓய்வு எண்டு ஒரு வரி வந்தது, காசை மிச்சம் பிடிக்க. ஒஃபிஸ் வேலைக்கு அது சரியா இருக்கலாம். ஸ்பெஷலிஸ்ட் டொக்டர் ஒருத்தர் படிச்சி முடிச்சி கையில அனுபவம் வாற வயசென்ன, அந்த ஆளை 60இல வீட்டுக்கு அனுப்பினா இடத்துக்கு ஆர் வாறது, வெளிநாட்டுக்கு டொக்டர்மார் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில. அவங்க கோர்ட்டுக்குப் போய்த்தான் தடுக்க வேண்டி இருந்தது. இப்படி ஒரு ஆள் குறைஞ்சா கொழும்பில அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. எங்கட பக்கம் ஒரு ஸ்பெஷலிஸ்ட் போனா அந்தக் கிளினிக்கே நிக்கும், சனம் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போகணும், இல்லாட்டி பிரைவேட்டில டொக்டரைச் சனல் பண்ணிக் காசு குடுத்துப் பார்க்கணும், கூலி வேலைக்குப் போற வீட்டில ஒரு சனல் காசு எண்டா அந்தக் கிழமைச் சாப்பாடு. பட்ஜெட் எல்லாம் ஒரே கட்டா வருது, அதுக்குள்ள இப்படி வரி எத்தினை இருக்கு எண்டு எங்கட எம்பிமார் வாசிச்சிட்டுத்தான் கை தூக்கினாங்களா எண்டு எனக்குக் கேட்கணும் போல இருக்கு.

வாக்கே இல்லாம நடந்ததையும் விட ஏலாது, அது எங்கட மண்ணிலயே கிடக்குது. கொரோனா நேரத்தில 2020 ஏப்ரல் 11இல கெசட் ஒண்டால செத்தவங்களைக் கட்டாயம் எரிக்கணும் எண்டு போட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் எரிக்கலாம் ரெண்டும் சரி எண்டு சொல்லியும் கேட்கல்ல. சபையில ஒரு வாக்கும் இல்லாம ஒரு கெசட் கடதாசியால முஸ்லிம் சனத்துக்கு அப்படி ஒரு கொடுமை நடந்தது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று எண்டு எங்களோட ஒண்டா வாழுற சனம், காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தாங்க, செத்தா எரிச்சுப்போடுவாங்க எண்டு. வருத்தத்தை ஒளிக்கிற நிலைக்குச் சனத்தைக் கொண்டு வந்த பிறகு அது எப்படிச் சுகாதார நடவடிக்கை ஆகும். எங்கட கடைக்கு வந்து இருமலை மறைச்சிக்கொண்டு பனடோல் மட்டும் கேட்டவங்களை நான் பார்த்திருக்கன். அதே வருஷம் அக்டோபர் 22இல ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் கூட்டின அரசியலமைப்பு 20ஆம் திருத்தம் 156க்கு 65 எண்டு நிறைவேறினது, எதிர்க்கட்சிப் பக்கம் இருந்த கிழக்கு எம்பிமார் சிலர் அதுக்கு ஆதரவாப் போட்டாங்க. அதுக்குப் பிறகும் மாசக்கணக்கா எரிச்சாங்க. 2021 பிப்ரவரி கடைசியிலதான் நிப்பாட்டினாங்க, மார்ச்சில இருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில நாடு முழுக்க இருந்து கொண்டு வந்து புதைச்சாங்க, மூவாயிரத்துக்கு மேல. 2024இல அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. அந்த 20ஆம் திருத்த வாக்குக்கு என்ன கேட்டு வாங்கினாங்க, என்ன கிடைச்சது எண்டு போட்டவங்கதான் சனத்துக்குச் சொல்லணும். நான் தமிழாள், ஆனா இதை முஸ்லிம் சனத்துட பிரச்சினை எண்டு ஒதுக்கி வைக்க எனக்கு மனம் வராது.

கடையில இதைக் கதைச்சா எனக்குச் சொல்ற ஒரு பதில் இருக்கு, "எங்கட ஆக்கள் எதிர்க்கட்சி, 225இல அவங்கட கை என்ன செய்யும்". ஆளுங்கட்சியில இருக்கிற எங்கட எம்பிமாருக்கு இந்தச் சாட்டும் இல்ல எண்டதை முதல்ல சொல்லிடுறன், ரெண்டு மாவட்டத்திலயும் அப்படி ஆக்கள் இருக்காங்க. எதிர்க்கட்சியில இருக்கிறவங்களுக்கும் வாக்குத் தோத்தாலும் கேள்வி தோக்காது. வாய்மூலக் கேள்வி கேட்கலாம், சுகாதாரத்துக்கு எண்டு இருக்கிற மேற்பார்வைக் குழுவில குந்தி அதிகாரிமாரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், கணக்குகள் குழுவில ஒதுக்கின காசு ஏன் செலவாகல்ல எண்டு நோண்டலாம், ஏனெண்டா ஒதுக்கிறது ஒண்டு உண்மையா வந்து சேர்றது ஒண்டு. இப்ப மட்டக்களப்பு எம்பிமாரில ஒருத்தர் டொக்டர், சுகாதார அமைச்சரும் டொக்டர். அவங்களுக்கு நான் கவுண்டரில நிண்டு கண்டதெல்லாம் வார்டுக்குள்ள நிண்டே தெரியும்.

இன்னொரு பதில், முதல்ல அரசியல் தீர்வு வரட்டும், காணி வரட்டும், மற்றதெல்லாம் பிறகு எண்டு. நானும் தீர்வு வேணும் எண்ட ஆள்தான், காணாமப் போனவங்க எங்கட குடும்பத்திலயும் இருக்காங்க. ஆனா மேல சொன்னனே, கிராமத்து ஆஸ்பத்திரி மாகாணத்துக்குரிய அதிகாரம், அதை ஆளுநரிட்ட விட்டுப்போட்டு அதிகாரப் பகிர்வு எண்டு மேடையில கதைக்கிறது எப்படி. காணாமப் போன மகனுக்காக றோட்டில குந்தி இருக்கிற அம்மாவுக்கும் பிரஷர் இருக்கு, சுகர் இருக்கு, அவ மாசா மாசம் கிளினிக்குக்கு வந்துதான் ஆகணும். அந்தத் தாய்மார் எத்தினை பேர் பதில் கிடைக்காமலே செத்துப்போட்டாங்க எண்டு உங்களுக்கே தெரியும், நீங்கதான் அந்தச் செய்தியையும் போட்டீங்க.

நம்மட அரசியலமைப்பில அடிப்படை உரிமை அத்தியாயத்தில சுகாதாரம் ஒரு உரிமையா எழுதப்படல்ல. மருந்து இல்ல எண்டு ஒரு ஏழை நேரா உச்ச நீதிமன்றம் போய் இது என்ர உரிமை எண்டு நிக்கிறது லேசில்ல. அதால எங்களுக்குக் கையில இருக்கிறது வோட் ஒண்டுதான், அந்த வோட்டை வாங்கிக்கொண்டு போனவர் அங்க என்ன போட்டார் எண்டு தெரியாட்டி எங்கட வோட்டுக்கும் அர்த்தம் இல்ல. தேர்தல் நேரத்தில வீடு வீடா வாறப்போ நாங்க கேட்கிறது என்ன, மகனுக்கு வேலை, றோட்டுக்கு கொங்கிறீட், கோயிலுக்குக் கூரை. நான் சனத்தையும் சொல்றன், எங்களிலயும் பிழை இருக்கு, கேட்டாத்தானே சொல்வாங்க.

செய்றது எப்படி எண்டும் யோசிச்சன். உங்களுக்கு பெரிய செலவில்ல. பட்ஜெட் காலத்தில சுகாதார அமைச்சுட குழுநிலை நாளுக்கு ஒரு நிருபரை ஒதுக்குங்க, சபை நடக்கிறது நேரடியா ஒளிபரப்பாகுது, கொழும்புக்கு ஆள் அனுப்பவும் தேவையில்ல. பன்னிரண்டு பேற்ற பேரையும் ஒரு சின்னப் பெட்டியில போட்டு, பக்கத்தில ஆதரவு, எதிர்ப்பு, வரல்ல. பேசினாரா, எந்த ஆஸ்பத்திரியப் பற்றி. வரல்ல எண்டா காரணத்தை அவரிட்டயே போன் பண்ணிக் கேட்டு அதையும் போடுங்க, வருத்தமா இருந்திருக்கலாம், செத்த வீடா இருந்திருக்கலாம், நியாயத்தையும் சொல்ல விடணும். மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்துறதுக்கு எப்ப எது சபைக்கு வந்தாலும் அதையும் சுகாதாரச் செய்தியா எடுத்து இதே பெட்டியில போடுங்க. பழசில 2017 செப்டம்பர் 20, 2018 ஆகஸ்ட் 24, 2023 செப்டம்பர் 8, இந்த மூணு நாளையும் முதல்ல எடுங்க, அந்த நாளில இருந்தவங்களில கொஞ்சப் பேர் திரும்பவும் வோட் கேட்டு வருவாங்க. எம்பிமாற்ற ஒஃபிஸில இருந்து போன் வந்தா, அமத்தச் சொன்னா, அமத்தாதீங்க. படமும் செய்தியும் அவங்கதான் அனுப்புறாங்க எண்டு எங்களுக்கும் தெரியும், அதால உங்களுக்குச் சங்கடம் இருக்கும் எண்டும் விளங்குது.

அந்தப் பெட்டி வாற நாளில நான் கடையில இருபது பேப்பர் கூட எடுக்கிறன், என்ர காசில. மருந்துப் பொதியோட ஒவ்வொருத்தருக்கும் குடுக்கிறன், வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கு நானே வாசிச்சுச் சொல்றன்.

இப்படிக்கு,
பாமசி ஊழியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.